மீன்கண் மேலே

டொக்கியார்ட் வீதியில் பேக்கரிக்கு மேல்மாடி.
பாண் வேகும் சூடு தரையால் ஏறிச்
செருப்புக்குள் நிற்கும்.
சபூர்தீனின் மேசையில் இரண்டு கோல்கள்.
என் கைப்பையின் உள்ளறையில்
பதினெட்டாயிரம் ரூபாய்,
பனடோல், ஊசி, பஸ் சில்லறையோடு.

"தம்பிக்கா?" என்று அவர் கேட்கவில்லை.
"எத்தனை அவுன்ஸ் பிடிக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.
அந்தக் கேள்விக்காகவே
படி ஏறியிருக்கலாம்.

முதலாவது கார்பன்.
அடி முதல் நுனி வரை ஒரே கறுப்பு.
உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது,
மாரியில் ஊறாது, கச்சானில் வெடிக்காது.
வெள்ளைப் பந்தைத் தொட்டேன்.
பந்து போன இடம் சரி.
ஆனால் கைக்கு ஒரு செய்தியும் வரவில்லை,
பார்த்ததற்கு நீலக்கோடு விழுந்தும்
பதில் வராத மாதிரி.

இரண்டாவது மேப்பிள்,
பால்தேத்தண்ணி நிறம்.
பிடியின் நூல் அறுந்த இடத்தில் யாரோ
வலை பின்னும் நைலோன் சுற்றியிருந்தார்கள்.
நுனித்தோல் புதிது. பத்தொன்பது அவுன்ஸ்.
அடித்தால், முற்றிய தேங்காயைச்
சுண்டினாற்போல் ஒரு டொக்.
"ஒரு குறையும் சொல்ல ஏலாது" என்றார்.
எனக்கு மாப்பிள்ளை பேசிவந்த எல்லாரும்
இதைத்தான் சொன்னார்கள்.

மூன்றாவதை அவர் காட்டவில்லை.
அலுமாரிக்குப் பின்னால், பழைய பிளாஸ்டிக் குழாய்க்குள்
நானாகக் கண்டேன்.

கருங்காலிப் பிடி.
அதைச் சுற்றிச் சிப்பி பதித்த மீன்கள்,
ஒன்றின் வாலை மற்றது கவ்வ, ஒன்பது.
எட்டுக்குக் கண் இல்லை.
ஒன்றுக்கு மட்டும் செம்பு ஆணித்தலை.
கையில் எடுத்தேன்,
கீழே வைக்க மறந்தேன்.

"யாட்டில் வந்தவன் ஒருத்தன்
வாடகைக்குப் பதிலாய்த் தந்தது. வேண்டாம் பிள்ளை."
வாங்கி உருட்டினார்.
நுனி எழும்பி விழுந்து எழும்பி விழுந்து
கள்ளுக்குப் பிறகு சாம்பல்தீவு ரோட்டில்
சைக்கிள் ஓடுகிறவரைப் போல் போனது.
"நேர் எண்டால் செங்கோல்,
இது கொடுங்கோல்" என்று சிரித்தார்.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.
கீழே ஒரு மான், லொத்தர் தட்டியில் தலையை விட்டு
யாருடையதோ அதிர்ஷ்டத்தை மென்றுகொண்டிருந்தது.
ஒரு கண்ணை மூடி
கோலின் நீளத்தை மெல்லச் சுழற்றினேன்.
வளைவு, வளைவு, வளைவு,
பிறகு இல்லை.

மீன்கண் மேலே பார்க்கும்போது
வளைவு வானத்துக்குப் போய்விடுகிறது.
இடமும் இல்லை, வலமும் இல்லை, கோடு நேர்.
கண் பக்கம் திரும்பினாலோ
உப்புவெளிக்கு விட்ட பந்து நிலாவெளிக்குப் போகும்.
மற்ற எட்டு மீனுக்கும் கண் விழுந்துபோகவில்லை.
அவற்றுக்குக் கண் இருந்ததே இல்லை.
யாரோ ஒரு இரவு,
தோற்றுவந்து, விளக்கின் கீழ் இருந்து
அந்த ஒரே ஆணியை அடித்திருக்கிறான்.

சபூர்தீனுக்கு நான் அதைச் சொல்லவில்லை.
பதினாலாயிரத்துக்குப் பேசி எடுத்தேன்.
மிச்சத்தில் நீலச் சோக்கு இரண்டு,
கீழே சூடாய் ஒரு மாலுபாண்.

அன்றிரவு கெஸ்ட் ஹவுஸ் மேசையில்
சமையல்கார விதுஷன்
மீன்களைப் பார்த்துக் கரண்டியோடு வந்தான்:
"கலியாண வீட்டுக்கே வந்தனீ?"
கண்ணை மேலே வைத்து நாலு பந்து போட்டேன்.
ஐந்தாவதுக்கு, அவன் வாய் மூடியதைப் பார்த்த சந்தோசத்தில்,
பிடியைத் திருப்ப மறந்தேன்.
வெள்ளைப் பந்து தானே நடந்துபோய்க் குழியில் இறங்கியது.
பிறகு அவன் மேசையைத் துடைத்தெடுத்தான்.

வென்ற கையோடு
"தா பாப்பம்" என்று என் கோலை வாங்கினான்.
மூன்று தரம் அடித்தான்.
மூன்றும் குசன் ஓரம் போய் முட்டின.
"இதென்ன சனியன்" என்று
நுனியைப் பார்த்தான், தோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பழக வேணும்" என்றேன்.
அவன் உள்ளங்கைக்குள்
மீன் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.